தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஆய்வகம் வரை: உயிர் இயற்பியல், நானோ மருத்துவம், மூலக்கூறு உயிரியல் ஆய்வாளராக விரும்புவோருக்கு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில், அறிவியலில் ஆர்வமுள்ள மாணவர்களும் பெற்றோர்களும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “நானோ டெக்னாலஜி எந்தக் கல்லூரியில் நன்றாக இருக்கிறது?” இந்தக் கேள்வி ஐந்தாறு ஆண்டுகள் முன்கூட்டியே கேட்கப்படுகிறது என்பது என் கருத்து. நானோ மருத்துவம், உயிர் இயற்பியல் போன்றவை முதுகலையிலும் முனைவர் பட்டத்திலும் ஒருவர் சென்று சேரும் துறைகள். பதினேழு வயதில் தேவைப்படுவது அவற்றுக்கு அடியில் இருக்கும் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் ஆழமும் மற்றொன்றில் பழக்கமும். படிப்பின் பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் எந்தத் தேர்வுக்கும் அடிப்படை போதவில்லை என்று உணரும் பிள்ளைகளை இந்த இரு மாவட்டங்களிலும் தொடர்ந்து பார்க்க முடிகிறது. ஆகவே இந்த வழிகாட்டி, பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலிருந்து தொடங்கி, முனைவர் பட்டத்துக்குப் பிறகு வேலை தேடும் கட்டம் வரை படிப்படியாகச் செல்கிறது.

மூன்று துறைகள், ஒரே பட்டுக்கூடு

இத்துறைகள் எங்கே வேறுபடுகின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. தருமபுரி பட்டுக்கூடு ஏல அங்காடிக்கு வரும் ஒரு வெண்பட்டுக்கூட்டை எடுத்துக்கொள்வோம். அந்தக் கூட்டின் இழை, ஃபைப்ராயின் என்னும் புரதத்தாலும் அதை ஒட்டவைக்கும் செரிசின் என்னும் பசைப் புரதத்தாலும் ஆனது.

மூலக்கூறு உயிரியலாளர், பட்டுப்புழுவின் எந்த மரபணு இந்தப் புரதத்துக்கான கட்டளையைத் தாங்கியிருக்கிறது, அது பட்டுச் சுரப்பியில் மட்டும் விழித்துக்கொள்வது எப்படி, அந்த மரபணுவை மாற்றினால் இழை என்னவாகும் என்று கேட்பார். உயிர் இயற்பியலாளருக்கு இழையின் வலிமைதான் புதிர். கிளைசின், அலனைன் போன்ற சிறிய அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வருவதால் புரதச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு பீட்டா தகடு என்ற அமைப்பை உருவாக்குகின்றன. அந்த அமைப்பை எக்ஸ் கதிர் கொண்டு அளந்து, இழுத்தால் எவ்வளவு விசையில் அறுகிறது என்பதோடு அவர் பொருத்திப் பார்ப்பார்.

நானோ மருத்துவ ஆய்வாளர் அதே கூட்டைத் துண்டுதுண்டாக நறுக்கி, சோடியம் கார்பனேட் கரைசலில் அரை மணி நேரம் கொதிக்கவைத்துச் செரிசினை நீக்குவார். எஞ்சிய ஃபைப்ராயினை அடர்த்தியான லித்தியம் புரோமைடு கரைசலில் சில மணி நேரம் கரைத்து, டயாலிசிஸ் பையில் ஊற்றி, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் வைத்திருந்து உப்பை வெளியேற்றுவார். கிடைக்கும் தெளிந்த புரதக் கரைசலை அசிட்டோனில் சொட்டுச் சொட்டாக விட்டால் கரைசல் பால்போல் வெளுக்கும். அந்த வெண்மைதான் நானோ துகள்கள். அவற்றுக்குள் புற்றுநோய் மருந்தை ஏற்றி, கட்டி இருக்கும் இடத்தில் மெதுவாக வெளிவரச் செய்ய முடியுமா என்பதே அவருடைய ஆய்வு. டி.என்.ஏ. இழையின் அகலம் ஏறத்தாழ 2 நானோமீட்டர் என்பதையும், இத்தகைய துகள்கள் பெரும்பாலும் 100 நானோமீட்டரை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் இருக்கும் என்பதையும் நினைவில் கொண்டால் அளவு பிடிபடும்.

நானோ மருத்துவம் இன்னும் கனவு நிலையில்தான் இருக்கிறது என்ற எண்ணம் சரியன்று. டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த ‘டாக்சில்’, 1995-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. கொரோனா காலத்து எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும் கொழுப்பு நானோ துகள்களில் ஏற்றப்பட்டே உடலுக்குள் சென்றன. அவற்றுக்கு வழிவகுத்த அடிப்படை ஆய்வுக்காக 2023-இல் காத்தலின் கரிக்கோவும் டிரூ வைஸ்மனும் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் வெளியாகும் நானோ மருத்துவக் கட்டுரைகளோடு ஒப்பிட்டால் மருந்துக்கடைக்கு வந்து சேர்ந்தவை மிகச் சில. இத்துறைக்கு வருபவர் இரண்டையும் அறிந்தே வர வேண்டும்.

முதல் படி: பதினோராம் வகுப்புப் பாடப்பிரிவு

வாய்ப்பு இருந்தால் உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவை எடுங்கள். “மருத்துவம்தான் இலக்கு, கணக்கு எதற்கு?” என்று தாவரவியல், விலங்கியல் பிரிவுக்கு மாறும் மாணவர்கள், பின்னால் ஆய்வுக்குத் திரும்பும்போது பல கதவுகள் சாத்தியிருப்பதைக் காண்பார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு இளநிலை ஆய்வுப் படிப்பில் சேர, மேனிலை வகுப்பில் இயற்பியல், வேதியியலோடு கணிதமும் படித்திருக்க வேண்டும். உயிரியல் சார்ந்த முதுகலைக்கான ‘ஜாம்’ உயிரித் தொழில்நுட்பத் தாளில்கூட, மேனிலை அளவிலான கணிதமும் இயற்பியலும் கேட்கப்படுகின்றன. ஏற்கெனவே கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்துவிட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. கல்லூரி விடுமுறையில் நுண்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல் ஆகிய மூன்றையும் தாமாகப் படித்துக்கொண்டால் இழப்பின் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடலாம்.

தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடத்தைத் தமிழில் புரிந்துகொள்வதில் எந்தக் குறையும் இல்லை. சொல்லப்போனால், கருத்து நன்றாகப் பதிவது அப்படித்தான். ஆனால் மேற்கொண்டு எழுதப்போகும் தேசிய அளவிலான அறிவியல் தேர்வுகளில் பலவற்றின் வினாத்தாளைத் தமிழில் எதிர்பார்க்க முடியாது. எனவே ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் உள்ள கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தை ஒரு நோட்டில் எழுதிவருவதைப் பதினோராம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: மேனிலைக்குப் பிறகு எந்த வாசல்

இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, ஆய்வுக்கென்றே அமைந்த ஐந்தாண்டுப் படிப்புகள். ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள் நாட்டில் ஏழு உள்ளன. நமக்கு அருகில் இருப்பவை திருப்பதியும் திருவனந்தபுரமும். இவற்றுக்கான திறனறித் தேர்வில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கிலும் 15 கேள்விகள் வீதம் 60 கேள்விகள், 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படும். புவனேஸ்வரத்தில் உள்ள நைசர் எனப்படும் தேசிய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ‘நெஸ்ட்’ என்ற தனித்தேர்வு உண்டு. திருவாரூரிலுள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு ‘கியூட்’ என்னும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு வழியாகச் செல்லலாம். இளநிலை கியூட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை.

நீட் தேர்வுக்காக ஓராண்டு, ஈராண்டு காத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வு நிறுவனங்களின் தேர்வுகளுக்கு, எந்த ஆண்டில் மேனிலை தேறியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்ற வரம்பு உண்டு. நீட் தேர்வுக்குப் படித்த உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் இந்தத் தேர்வுகளுக்கும் உதவும் என்பதால், அதே ஆண்டிலேயே இரண்டுக்கும் விண்ணப்பித்துவிடுவது நல்லது.

இரண்டாவது வழி, பொறியியலும் மருந்தியலும். உயிரித் தொழில்நுட்பத்தில் பி.டெக். படித்தவர் ‘கேட்’ என்னும் பொறியியல் பட்டதாரித் தகுதித் தேர்வின் மூலம் ஆய்வுக்கு வரலாம். தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருப்பதால் இந்த வழி சிலருக்கு எளிதாகும். நானோ மருத்துவத்தில் உறுதியான விருப்பம் இருந்தால், பி.பார்ம். என்னும் மருந்தியல் பட்டம் பலரும் கவனிக்கத் தவறும் சிறந்த அடித்தளம் என்பேன். மருந்தை உடலுக்குள் கொண்டுசெல்லும் முறைகளே அதன் மையப்பாடம். அதன்பின் ‘ஜிபேட்’ என்னும் மருந்தியல் தகுதித் தேர்வு எழுதி முதுகலைக்கும், நைப்பர் எனப்படும் தேசிய மருந்தியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் செல்லலாம்.

மூன்றாவது, பெரும்பான்மையோர் செல்லும் வழி: தருமபுரி அரசு கலைக் கல்லூரி, கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரிகள் போன்றவற்றில் மூன்றாண்டு பி.எஸ்சி. இதில் சேர்வதால் ஆய்வாளராக முடியாமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இங்கே இயற்பியல், வேதியியல், விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர் வேதியியல் போன்ற அடிப்படைப் பாடம் ஒன்றையே தேர்ந்தெடுங்கள். பெயரில் நானோ இருக்கும் இளநிலைப் படிப்புக்கு அதிகக் கட்டணம் செலுத்துவதைவிட, அரசுக் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு மீதமான பணத்தில் ஒரு மடிக்கணினி வாங்குவது அறிவுடைமை.

இயற்பியல் படித்தால் உயிரியலுக்கு வர முடியுமா என்ற ஐயம் எழலாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகே உயிரியலைத் தொடக்கத்திலிருந்து கற்கப் போனார். உயிரணுவுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதற்கு வெகுமுன்பே இயற்பியலாளரான ஜி.என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றில் நிறைந்திருக்கும் கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய அமைப்புடையது என்று 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் முன்வைத்தார். அதே வளாகத்துப் பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மாதிரி வாங்கிச் செய்த வேலை அது. 1963-இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட ‘ராமச்சந்திரன் வரைபடம்’, புரத அமைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவும் அவர் தொடங்கியதே.

மூன்றாம் படி: இளநிலை ஆண்டுகளைப் பயன்படுத்துவது

உள்ளூர்க் கல்லூரியில் படிப்பவருக்கும் ஐசரில் படிப்பவருக்கும் இடையே பெரிய இடைவெளி பாடத்தில் ஏற்படுவதில்லை. கையால் செய்து பழகுவதில்தான் ஏற்படுகிறது. அதை நிரப்பச் சில வழிகள் உண்டு.

கட்டணமின்றிக் கிடைப்பவற்றிலிருந்து தொடங்குங்கள். ஐ.ஐ.டி., இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிப் பாடங்களை வீட்டிலிருந்தே கேட்கலாம். உலகில் இதுவரை கண்டறியப்பட்ட புரத அமைப்புகளெல்லாம் புரதத் தரவு வங்கியில் இலவசமாகக் கிடைக்கின்றன. கைமெராஎக்ஸ் என்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் நிறுவி, கொலாஜன் மாதிரி ஒன்றைத் தரவிறக்கிச் சுழற்றிப் பார்த்தால், பாடப்புத்தகத்துப் படத்தில் தட்டையாகத் தெரிந்த மூவிழை முறுக்கு கண்முன் திரும்பும். பைத்தான் நிரலாக்கத்தை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் கற்றுக்கொள்ளுங்கள். இன்றைய உயிரியல் ஆய்வகத்தில் தரவைக் கையாளத் தெரியாதவர் எப்போதும் பிறரை எதிர்பார்த்தே இருக்க நேரும்.

அடுத்தது கோடைக்கால ஆய்வு உதவித்தொகை. இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து ஆண்டுதோறும் நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்தில் தேர்வாகும் மாணவர், ஏதேனும் ஒரு தேசிய ஆய்வகத்தில் இரண்டு மாதம் உதவித்தொகையுடன் பணியாற்றலாம். பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையமும் இத்தகைய திட்டத்தை நடத்துகிறது. கோடைக்காலத்துக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் பலர் தவறவிடும் செய்தி. ஆயுத பூஜை விடுமுறையிலேயே அறிவிப்புகளைத் தேடத் தொடங்கிவிடுங்கள்.

பெங்களூருவின் அண்மை நம் இரு மாவட்டங்களுக்கும் வாய்த்த பெரும் வசதி. சேலம்–பெங்களூரு ரயில் தருமபுரி, பாலக்கோடு, ஓசூர் வழியாகவே போகிறது. கிருஷ்ணகிரி நகரத்தார் மட்டும் பேருந்தை நம்ப வேண்டும். இந்திய அறிவியல் கழகம் ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடும் நாளில், ஆய்வகங்களுக்குள்ளேயே சென்று ஆய்வு மாணவர்களிடம் நேரில் பேசலாம். தேசிய உயிரியல் அறிவியல் மையம், குருத்தணு ஆய்வு நிறுவனமான இன்ஸ்டெம், ராமன் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவையும் நகரின் வடக்குப் பகுதியில்தான் உள்ளன. பேருந்தில் வருகிறவர்கள் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலுக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்தச் சந்திப்புக்குப் பெயர் தந்த மத்தியப் பட்டு வாரியம்தான், ஓசூரில் மல்பெரி, பட்டுப்புழு இனங்களைப் பாதுகாக்கும் மரபுவள மையத்தையும் நடத்துகிறது. உயிரியல் மாணவர்கள் பெங்களூரு போகும் முன்பு இந்த ஓசூர் மையத்துக்கு, கல்லூரி ஆசிரியரின் கடிதத்தோடு ஒருமுறை சென்று வருவது பயனுள்ளது.

நான்காம் படி: முதுகலையும் தேர்வுகளும்

முதுகலைக்கு இரண்டு தேர்வுகளை முக்கியமாகச் சொல்ல வேண்டும். ‘ஜாம்’ தேர்வு ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி. படிப்புக்கும், இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் பட்டத்துக்கும் வாசல். இது பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர் வாக்கில் தொடங்கும். ‘கேட்–பி’ என்பது மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவு பெற்ற முதுகலைகளுக்கானது. அவற்றில் மாத உதவித்தொகையும் கிடைக்கும். மூலக்கூறு உயிரியலில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு நீண்ட மரபு உண்டு. உயிர் இயற்பியலுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும் தில்லி எய்ம்ஸும் பெயர்பெற்றவை. வெளியூர் செல்ல முடியாதவர்களுக்குச் சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் பைசுஅள்ளியிலுள்ள அதன் தருமபுரி மையமும் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, சி.எஸ்.ஐ.ஆர். எனப்படும் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் நெட் தேர்வுதான் இந்தப் பாதையின் அச்சாணி. வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை நடக்கும் இத்தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி, அதாவது ஜே.ஆர்.எஃப்., பெற்றவர் தம் உதவித்தொகையைத் தாமே கொண்டுவருகிறார் என்பதால், ஆய்வகங்கள் அவரை விரும்பி ஏற்கின்றன. உயிர் அறிவியல் தாளுக்கு 3 மணி நேரம், 200 மதிப்பெண். முதல் பகுதி பொது அறிவுத்திறன். இரண்டாவது பகுதி பாட அறிவைச் சோதிக்கிறது. மூன்றாவது பகுதியில் 75 கேள்விகள் தரப்பட்டு 25-க்கு மட்டும் விடை எழுதினால் போதும். ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண்.

மூன்றாம் பகுதியில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அங்கே ஒரு சோதனையின் முடிவைப் படமாகக் கொடுத்து அதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்பார்கள். குறிப்புகளை மனப்பாடம் செய்வது இதற்கு உதவாது. வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, படங்களை மட்டும் பார்த்து, ஆசிரியர்கள் எழுதிய முடிவை மறைத்துவைத்து, “இந்த ஜெல் படத்தில் மூன்றாவது பட்டை ஏன் இல்லை?” என்று நீங்களே காரணம் எழுதிப் பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓராண்டு இதைச் செய்தவருக்கு அந்தப் பகுதி அச்சம் தராது. 75 கேள்விகளையும் படித்து முடிக்க நேரம் இருக்காது என்பதால், உங்களுக்கு வலுவான அலகுகளை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுத் தேர்வறைக்குள் செல்லுங்கள். இயற்பியல், வேதியியல் பட்டதாரிகள் தங்கள் பாடத்திலேயே நெட் எழுதி உயிரியல் ஆய்வகத்தில் சேரலாம். தேசிய உயிரியல் அறிவியல் மையம் போன்றவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு.

சான்றிதழ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழை வைத்துக்கொண்டு மத்தியத் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. மத்திய அரசின் படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். அதையும் அறிவிப்பில் கேட்கும் நிதியாண்டுக்கு ஏற்பப் புதுப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகர நாளாகும். விண்ணப்பம் தொடங்கிய பிறகு ஓடுவதைவிட, நிதியாண்டு பிறந்ததும் வாங்கிவைப்பதே புத்திசாலித்தனம்.

ஐந்தாம் படி: நெறியாளரைத் தேர்ந்தெடுத்தல்

முனைவர் பட்டக் காலத்தின் நலமும் கேடும், நிறுவனத்தின் பெயரைவிட, பேச்சுவழக்கில் ‘கைடு’ என்று சொல்லும் நெறியாளரைப் பொறுத்தே பெரிதும் அமைகின்றன. இந்தத் தேர்வுக்கு, மற்ற எல்லாப் படிகளையும்விட அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

முதலில் அவருடைய ஆய்வகம் கடந்த ஐந்து ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளைப் பாருங்கள். முதல் ஆசிரியராக மாணவர்களின் பெயர்கள் வருகின்றனவா? பட்டம் முடித்துச் சென்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? சேர்ந்து பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர்? முதல் இரண்டுக்கும் விடை ஆய்வகத்தின் இணையப் பக்கத்திலேயே கிடைக்கும். மூன்றாவதை அங்குள்ள மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும். “சார் எப்படி?” என்று கேட்டால் எல்லோரும் “நல்லவர்” என்பார்கள், அதனால் “கடைசியாக ஒரு சோதனை தோற்றபோது சாரிடம் என்ன பேசினீர்கள்?” என்று கேளுங்கள். பதில் வருவதற்கு எடுக்கும் நேரமே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும்.

நெறியாளருக்கு எழுதும் மின்னஞ்சல் சுருக்கமாக இருக்கட்டும். நீங்கள் யார், தகுதித் தேர்வில் எந்த நிலை என்பது ஒரு பத்தி. அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி என்ன என்பது இரண்டாவது பத்தி. எப்போது சேர முடியும், யார் உங்களுக்குப் பரிந்துரை தருவார்கள் என்பது மூன்றாவது. இரண்டாவது பத்தி இல்லாத, ஒரே வாசகத்தை ஐம்பது பேருக்கு அனுப்பிய கடிதங்களை அவர்கள் முதல் வரியிலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ஆறாம் படி: ஆய்வக வாழ்க்கை

முனைவர் பட்டம் ஐந்து ஆண்டுகள் ஆகும் என்று வைத்துக்கொள்வது நல்லது, ஆறும் ஆகலாம். 2023 சனவரி முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், ஈராண்டுக்குப் பின் எஸ்.ஆர்.எஃப். என்னும் முதுநிலை ஆய்வாளர் நிலையில் 42,000 ரூபாய். விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி தனி. தொகை சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும் என்பதால், முதல் ஆண்டிலேயே மூன்று மாதச் செலவுக்கான பணத்தை ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு அந்தப் பட்டு நானோ துகளையே மறுபடி பார்ப்போம். திங்கட்கிழமை தயாரித்த துகள்களை ஒளிச்சிதறல் கருவியில் வைத்தால் சராசரி விட்டம் 150 நானோமீட்டர் என்று காட்டுகிறது. எல்லாத் துகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன. வியாழக்கிழமை அதே முறையில் செய்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடுகின்றன. மாதிரியை ஊற்றும் குவெட் என்னும் சிறு குப்பியில் தூசி இருந்ததா, கொதிக்கவைத்த நேரம் கூடிப் புரதச் சங்கிலி சிதைந்ததா, டயாலிசிஸ் தண்ணீரைக் கடைசியாக மாற்ற மறந்தோமா, அல்லது இம்முறை வந்தது வெண்பட்டுக்கூடாக இல்லாமல் கலப்பின மஞ்சள் கூடா? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துத்தான் காரணத்தைப் பிடிக்க வேண்டும், அதற்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். அப்போது உங்களைக் காப்பாற்றுவது லேப் நோட்டு மட்டுமே. தேதி, கூட்டின் இனம், எந்தப் புட்டியிலிருந்து எடுத்த உப்பு, அறை வெப்பநிலை என்று அன்றன்றே மையால் எழுதாதவர், தம் சொந்தச் சோதனையையே மீண்டும் செய்து காட்ட முடியாமல் நிற்பார்.

மூலக்கூறு உயிரியலில் தோல்வியின் வடிவம் வேறு. பாக்டீரியாவிலிருந்து பிரித்த டி.என்.ஏ.வின் தூய்மையை 260, 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலின் விகிதம் காட்டும்; 1.8 வந்தால் நிம்மதி, அதைவிட நன்றாகக் குறைந்தால் புரதம் கலந்திருக்கக்கூடும். மரபணுவை வெட்டி ஒட்டி, பாக்டீரியாவுக்குள் செலுத்தி, தட்டில் பரப்பி, மறுநாள் காலை வந்து பார்த்தால் ஒரு புள்ளிகூட முளைத்திருக்காது. செல் வளர்ப்பு அறையில் பூஞ்சை புகுந்தால் ஒரு மாத உழைப்பு குப்பைக்குப் போகும். உயிர் இயற்பியலில் கருவியைப் பயன்படுத்த நம் முறை வருவதே பாதி வேலை. கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி போன்றவை நாட்டில் சில இடங்களில் மட்டும் இருப்பதால், காத்திருக்கும் நாட்களில் கணிப்பொறியில் செய்யும் பகுத்தாய்வைப் பயில்வதே வழக்கம்.

கட்டுரை வெளியிடுவதில் ஒரே ஒரு விதி: பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களின் பக்கமே போகாதீர்கள். பிற்காலத்தில் நேர்காணலில் அமரும்போது அத்தகைய கட்டுரை கூடுதல் தகுதியாகாது, உறுத்தலாகவே நிற்கும்.

ஏழாம் படி: பட்டத்துக்குப் பிறகு

நல்ல நிறுவனங்களில் ஆசிரியப் பணி பெற, முனைவர் பட்டத்துக்குப் பின்னும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் முதுமுனைவர் ஆய்வு செய்வது இன்று ஏறத்தாழக் கட்டாயமாகிவிட்டது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள், ஐரோப்பிய, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பக்கம் பலர் செல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்ப விரும்புவோருக்கு ராமலிங்கசாமி மறுவருகைத் திட்டமும், இன்ஸ்பயர் ஆசிரியர் திட்டமும் உள்ளன. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நிலையான வேலை கையில் வரும்போது வயது முப்பத்திரண்டைத் தாண்டியிருக்கும். இந்தக் கணக்கை வீட்டில் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. “இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறாயா?” என்று உறவினர்கள் கேட்கும்போது, இது மாத ஊதியத்தோடு கூடிய ஆய்வுப் பணி என்பதைப் பெற்றோரே எடுத்துச்சொல்லும் நிலையை உருவாக்கிக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகளுக்கு இந்த அழுத்தம் இருமடங்காக வரும். திருமணப் பேச்சு எழும் வயதும் முனைவர் பட்டத்தின் கடினமான நடு ஆண்டுகளும் ஒன்றாகவே வருவதால், நெட் தேர்வு முடிவு வந்த அன்றே பட்டம் முடியும் காலத்தைப் பற்றி வீட்டில் பேசிவிடுவது பின்னால் வரும் சண்டைகளைக் குறைக்கும்.

எல்லோரும் பேராசிரியராவதில்லை, ஆக வேண்டியதுமில்லை. பெங்களூருவில் பயோகான், சின்ஜீன் போன்றவையும், ஐதராபாத்தின் ஜீனோம் வேலியிலுள்ள தடுப்பூசி, மருந்து நிறுவனங்களும் முனைவர்களை மட்டுமின்றி முதுகலை பட்டதாரிகளையும் எடுக்கின்றன. செல் வளர்ப்பு, புரதச் சுத்திகரிப்பு, துகள் அளவீடு ஆகியவற்றில் கைத்தேர்ச்சியுள்ள எம்.எஸ்சி. பட்டதாரி, முனைவர் பட்டம் தமக்கு ஒத்துவராது என்று இரண்டாம் ஆண்டில் உணர்ந்தால், விலகி அங்கே செல்வதில் தவறேதும் இல்லை. காப்புரிமைப் பணி, மருந்து ஒழுங்குமுறைப் பணி, உயிர்த்தரவுப் பகுப்பாய்வு ஆகியவையும் இதே படிப்பிலிருந்து கிளைப்பவை.

சொந்த மாவட்டத்துக்குத் திரும்ப விரும்புவோருக்கு, அரசுக் கலைக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணி ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியாகக் கிடைக்கிறது. தொடக்க அடிப்படை ஊதியம் பல்கலைக்கழக மானியக் குழு அளவில் 57,700 ரூபாய். கருவிகள் குறைவு என்பது உண்மைதான், ஆனால் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் பல்லும் எலும்பும் பாதிக்கப்படும் என்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது என்பதும் இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். பல் எனாமலின் தாதுப்படிகத்துக்குள் ஃபுளோரைடு அயனி எப்படி இடம்பிடிக்கிறது என்பது தூய உயிர் இயற்பியல். அந்தத் தண்ணீரிலிருந்து ஃபுளோரைடை உறிஞ்சும் நானோ பொருளைச் செய்வது பக்கத்துத் துறை. பட்டுப்புழுக்களைத் தாக்கும் பெப்ரைன் நோயை முட்டை நிலையிலேயே பி.சி.ஆர். முறையில் கண்டறிவது மூலக்கூறு உயிரியல். இப்படி ஒரு கேள்வியோடு வருபவர், மாதிரிகளை இங்கே சேகரித்து, பெரிய கருவி தேவைப்படும் அளவீட்டுக்குத் தாம் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வகத்தோடு கூட்டாகப் பணியாற்றலாம். அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் நிதிக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தக் கூட்டாளியின் ஒப்புதல் கடிதத்தை இணைத்து அனுப்பலாம்.